ஆர்எக்ஸ்-7 காருக்கு 3 அங்குல சைலன்சர்: குழாயை மட்டும் மாற்றினால் போதுமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இதுதான்: சிட்னியில் 1993 மாடல் மஸ்டா ஆர்எக்ஸ்-7, அதாவது எஃப்டி, வாங்கியிருக்கிறீர்கள். எஞ்சினில் கை வைக்காமல், டர்போவிலிருந்து (புகையின் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் கருவி) பின் பம்பர் வரை 3 அங்குலக் குழாய் போட்டுவிடலாம், 50 குதிரைத்திறன் கூடும், டியூனிங் (பெட்ரோல், இக்னிஷன் அளவுகளைத் திருத்துவது) எதுவும் தேவையில்லை என்கிறார் ஒரு கடைக்காரர். உங்கள் நண்பரோ, 'பேக் பிரஷர்', அதாவது குழாயில் புகைக்கு எதிராக நிற்கும் அழுத்தம், போய்விட்டால் குறைந்த ஆர்பிஎம்மில் இழுவையே இருக்காது என்று பயமுறுத்துகிறார். யார் சொல்வது சரி என்பது உங்கள் கேள்வி. இரண்டுமே தப்பு. ஆனால் நண்பர் பேச்சைக் கேட்டால் உங்களுக்குக் கொஞ்சம் சக்திதான் நஷ்டம். கடைக்காரர் பேச்சைக் கேட்டால் எஞ்சினே போகலாம். சைலன்சரை மாற்றினால் எஞ்சினுக்குள் கூடுதலாகப் போகும் காற்றுக்கு ஈடான பெட்ரோலை யார் கொடுப்பது என்று அந்தக் கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். அவர் சொல்லும் பதிலிலேயே அவருக்கு இந்தக் காரைத் தெரியுமா தெரியாதா என்பது புரிந்துவிடும்.

என்னைப் பற்றி இரண்டு வரி. கோவையில் ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்து, லாரி டர்போக்களை ரீகண்டிஷன் செய்யும் பட்டறையில் ஆறு வருஷம் கையைக் கருப்பாக்கிக்கொண்டவன். 2004 முதல் இங்கே ஆஸ்திரேலியாவில் ஜப்பானியக் கார்கள்தான் பிழைப்பு. நான் பார்ப்பவை எல்லாம் சாலையில் ஓடும் கார்கள். உங்கள் காரில் இருப்பது ரோட்டரி எஞ்சின், பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலும் வகை. பந்தயத்துக்கென்றே கட்டிய ரோட்டரி எஞ்சினைப் பற்றிக் கேட்டால் என்னைவிட நன்றாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

முதலில் நண்பரின் 'பேக் பிரஷர்' விஷயம். டர்போ இல்லாத எஞ்சினில் குழாயின் நீளத்தையும் விட்டத்தையும் பொறுத்து அழுத்த அலைகள் போய்த் திரும்பும். சரியான நேரத்தில் திரும்பும் அலை அடுத்த சுற்றுக்குப் புகையை உறிஞ்சி எடுக்கும். கண்டபடி பெரிய குழாய் போட்டால் அந்த ஒத்திசைவு கெட்டு, கீழே இழுவை குறையும். அதைப் பார்த்தவர்கள் 'எஞ்சினுக்குப் பேக் பிரஷர் வேண்டும்' என்று சொல்ல ஆரம்பித்து, அதுவே வேதவாக்காகிவிட்டது. அங்கேயும் உதவுவது அலைதான், அழுத்தம் இல்லை. டர்போ காரில் அந்த அலைகளில் பெரும்பகுதி டர்போவுக்குள் புகை சுழற்றும் டர்பைன் சக்கரத்தில் மோதி அங்கேயே அடங்கிவிடும். டர்பைனுக்குப் பிறகு வரும் குழாயில் அழுத்தம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. டர்போவும் சீக்கிரம் சுழல ஆரம்பிக்கும். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

காரணம் எளிய கணக்கு. டர்பைன் வேலை செய்வது அதற்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்தத்தின் விகிதத்தால். உதாரணத்துக்கு, அந்த விகிதம் 2 என்று வைத்துக்கொள்வோம். டர்போவுக்குப் பின்னால் குழாய் அடைத்துக்கொண்டு 1.3 பார் இருந்தால், முன்னால் எஞ்சின் 2.6 பாரை எதிர்த்துப் புகையைத் தள்ள வேண்டும். குழாயைச் சரிசெய்து பின்னால் 1.1 ஆக்கினால் முன்னால் 2.2 போதும். பின்னால் 0.2 குறைத்தோம், எஞ்சின் வாயிலில் 0.4 குறைந்தது. டர்போ காருக்கு சைலன்சர் மாற்றுவதில் இவ்வளவு பலன் கிடைப்பது இதனால்தான். குழாய் அளவையும் சொல்லிவிடுகிறேன்: இரண்டரை அங்குலத்திலிருந்து 3 அங்குலத்துக்குப் போனால் விட்டம் 20 சதவீதம்தான் கூடுகிறது, உள் பரப்பு 44 சதவீதம் கூடுகிறது. உங்கள் ஒரிஜினல் டர்போவுக்கு 3 அங்குலம் தாராளம். மூன்றரை போட்டால் இடைஞ்சலும் சத்தமும்தான் மிச்சம்.

சரி, இவ்வளவு நல்ல விஷயத்தில் ஆபத்து எங்கே வந்தது? எஃப்டியில் இருப்பது 13பி-ஆர்இடபிள்யூ. 654 சிசி வீதம் இரண்டு ரோட்டர், வரிசைமுறையில் வேலை செய்யும் இரண்டு டர்போ. கீழே ஒரு டர்போ மட்டும் ஊதும். 4,500 ஆர்பிஎம் பக்கம் இரண்டாவது சேர்ந்துகொள்ளும். கம்பெனி வைத்த பூஸ்ட், அதாவது டர்போ திணிக்கும் காற்றின் கூடுதல் அழுத்தம், 10 பிஎஸ்ஐ. டர்போ மாறும் இடத்தில் 8-க்கு இறங்கி மறுபடி 10-க்கு ஏறும். 10-8-10 என்று இந்தக் கார் வைத்திருப்பவர்கள் மந்திரம்போலச் சொல்வது இதைத்தான். பூஸ்ட் 10-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது வேஸ்ட்கேட். டர்பைனைச் சுற்றி உபரிப் புகையை வெளியேற்றும் சின்னக் கதவு அது. அந்தத் துவாரத்தின் அளவு, கம்பெனி போட்ட அடைசலான சைலன்சருக்குத் தகுந்தாற்போல் முடிவு செய்யப்பட்டது. நீங்கள் முழுக் குழாயையும் திறந்துவிட்டால் புகை டர்பைன் வழியாகவே சுலபமாக ஓடும். வேஸ்ட்கேட் முழுதாகத் திறந்தும் போதாமல், ஆர்பிஎம் ஏற ஏற பூஸ்டும் கூடவே ஏறும். இதற்குப் பெயர் பூஸ்ட் க்ரீப். ஒரு நொடி எகிறி இறங்கும் ஸ்பைக் வேறு, இது வேறு. ஸ்பைக்கைக் கண்ட்ரோலர் வைத்து அடக்கலாம். க்ரீப்பை எந்தக் கண்ட்ரோலரும் அடக்காது, ஏனென்றால் கதவு ஏற்கெனவே முழுக்கத் திறந்துதான் இருக்கிறது. குளிர் காலத்தில் காற்று அடர்த்தியாக இருப்பதால் இது இன்னும் மோசமாகும். பகலில் ஒழுங்காக ஓடிய கார் ஜூலை மாத ராத்திரியில் குணம் மாறும்.

10 பிஎஸ்ஐ, 13 ஆனால் என்ன குடி முழுகிவிடும் என்று தோன்றும். வளிமண்டலத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் 24.7 என்பது 27.7 ஆகிறது. 12 சதவீதம் அதிகக் காற்று. அதே அளவு பெட்ரோலும் அதிகம் போக வேண்டும், இக்னிஷனும், அதாவது தீப்பொறி விழும் நேரமும், பின்னால் போக வேண்டும். இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு, பலர் இதைக் கவனிப்பதில்லை. எஃப்டியின் ஈசியூ, அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி, உள்ளே போகும் காற்றை நேரடியாக அளப்பதில்லை. மேனிஃபோல்டில் உள்ள அழுத்தத்தையும் வெப்பத்தையும் ஆர்பிஎம்மையும் பார்த்து, 'இவ்வளவு காற்று போயிருக்கும்' என்று அட்டவணையிலிருந்து எடுத்துக்கொள்கிறது. அந்த அட்டவணை பழைய சைலன்சரை வைத்து எழுதியது. வெளியேறும் வழி சுலபமானால், அறைக்குள் பழைய புகை தங்குவது குறைந்து அதே 10 பிஎஸ்ஐயிலேயே அதிகக் காற்று உள்ளே போகும். அழுத்தம் மாறாததால் ஈசியூவுக்கு இது தெரியவே தெரியாது. 'பூஸ்ட் ஏறவில்லை, அதனால் டியூனிங் வேண்டாம்' என்று சொல்பவர்கள் சறுக்கும் இடம் இதுதான். மஸ்டா கொஞ்சம் தாராளமாகவே பெட்ரோல் ஊற்றி வைத்திருப்பதால் சின்ன மாற்றங்களை எஞ்சின் தாங்கிக்கொள்கிறது. அந்தத் தாராளம் எவ்வளவு மாற்றம் வரை தாங்கும் என்பது காருக்குக் கார் வித்தியாசப்படும். முப்பது வருஷம் ஓடிய இன்ஜெக்டரும் பெட்ரோல் பம்பும் புதிதில் கொடுத்த அளவைக் கொடுக்கும் என்று நான் நம்ப மாட்டேன்.

பெட்ரோல் போதாமல் போனால் வருவது நாக்கிங், அதாவது கலவை கட்டுப்பாடில்லாமல் வெடிப்பது. பிஸ்டன் எஞ்சின் என்றால் அது கொஞ்சம் வந்தாலும் ஓரளவு தாக்குப்பிடிக்கும். ரோட்டரி மன்னிக்காது. ரோட்டரின் மூன்று முனைகளிலும் இருக்கும் ஏபெக்ஸ் சீல் மெலிந்த இரும்புப் பட்டை. ஒரு நல்ல நாக்கிங் போதும், ஓரம் தெறித்துவிடும். இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. என் சொந்த எஃப்டியிலேயே பட்டேன். 2009-ல் டவுன்பைப் (டர்போவை ஒட்டி வரும் முன் குழாய்), நடுக்குழாய், பின் சைலன்சர் மூன்றையும் ஒரே வார இறுதியில் மாட்டினேன். ஈசியூவை அடுத்த மாதச் சம்பளத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். ஒரு குளிர் ராத்திரி, மூன்றாவது கியர், 6,000 ஆர்பிஎம் தாண்டும்போது மீட்டர் முள்ளைப் பார்த்தேன். 11, 12, 13 என்று போய்க்கொண்டே இருந்தது. காலை எடுத்தேன். பெரிய சத்தம் எதுவும் இல்லை. சிக்னலில் வந்து நின்றபோதுதான் தெரிந்தது, சீராக ஓடவேண்டிய எஞ்சின் மாட்டு வண்டிபோல் குலுங்கியது. பிரித்துப் பார்த்தால் பின் ரோட்டரில் ஒரு சீலின் மூலைத்துண்டைக் காணோம். அது டர்பைன் வழியாக வெளியே போயிருந்தது, போகிற போக்கில் டர்பைன் சக்கரத்தின் இரண்டு இதழ்களையும் கடித்துவிட்டு. டர்போ பட்டறையில் வேலை பார்த்தவனுக்கே இந்தக் கதி. மிச்சம் பிடித்த பணத்தைப்போல் நாலு மடங்கு செலவானது. வீட்டில் வாங்கிய திட்டு தனி.

கடைக்காரர் சொல்லும் 50 குதிரைத்திறனுக்கு வருவோம். இந்தக் காரை இங்கே நன்றாக அறிந்தவர்கள் மஸ்டா ஆஸ்திரேலியாக்காரர்கள். பாதர்ஸ்டில் நடந்த 12 மணி நேரப் பந்தயத்தை 1992, 1993, 1994 என்று மூன்று வருஷம் ஆர்எக்ஸ்-7 தொடர்ந்து வென்றது. 1995-ல் போட்டி ஈஸ்டர்ன் க்ரீக்குக்கு மாறியபோதும் அதுவே வென்றது. அந்த 1995 பந்தயத்தில் தகுதி பெறுவதற்காகவே எஸ்பி என்ற மாடலை வெகு சில கார்கள் மட்டும் செய்தார்கள். சாதாரணக் காரின் 176 கிலோவாட் அதில் 204 ஆனது. கூடியது 28 கிலோவாட், கிட்டத்தட்ட 37 குதிரைத்திறன். அதற்கு அவர்கள் சைலன்சரை மட்டும் மாற்றவில்லை. இன்டர்கூலரை (டர்போவில் சூடான காற்றைக் குளிர்விப்பது) மேம்படுத்தினார்கள், ஈசியூவையும் மாற்றினார்கள். கம்பெனியே மூன்றையும் சேர்த்துச் செய்து எட்டிய அளவை உங்கள் கடைக்காரர் வெறும் குழாயால் தாண்டுகிறார் என்றால், ஒன்று அவர் பூஸ்ட் க்ரீப்பால் கிடைத்த சக்தியையும் சேர்த்துச் சொல்கிறார், அல்லது டைனோ (காரின் சக்தியை அளக்கும் இயந்திரம்) காகிதத்தில் தனக்குப் பிடித்த எண்ணைப் படிக்கிறார். பூஸ்ட் 10-லேயே நிற்கும்படி பார்த்துக்கொண்டு, குழாயை மட்டும் மாற்றினால் சக்கரத்தில் 15 முதல் 25 குதிரைத்திறன் என்பது நான் பார்த்தவரையில் நியாயமான எதிர்பார்ப்பு. இதை உறுதியான கணக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். வேறு வேறு டைனோவில், வேறு வேறு நாளில் ஓட்டினால் இந்த வித்தியாசம் அளவுக்கு எண்ணே மாறும். முன்னும் பின்னும் ஒரே டைனோவில் ஓட்டிப் பார்த்தால்தான் ஒப்பிட முடியும்.

எந்தத் துண்டு எவ்வளவு முக்கியம்? பெரிய அடைப்பு டர்போவுக்கு ஒட்டினாற்போல் வரும் முன் குழாயில் இருக்கிறது, அதாவது டவுன்பைப். அமெரிக்காவுக்குப் போன கார்களில் அதற்குள்ளேயே ஒரு சின்ன கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் (புகையின் நச்சைக் குறைக்கும் டப்பா) உண்டு. உங்கள் கார் எந்தச் சந்தைக்குச் செய்தது என்று பார்த்து, அந்தக் குழாயின் வயிறு புடைத்திருக்கிறதா என்று கீழே படுத்துப் பாருங்கள். அது இருந்தால், எடுப்பதில் சக்தியைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு: எஞ்சின் அறைச் சூடு கணிசமாகக் குறையும். அந்தச் சூட்டில் வெந்துதான் ரப்பர் ஹோஸ்களும், கூலன்ட்டில் காற்றைப் பிரிக்கும் பிளாஸ்டிக் டப்பாவும் வெடிக்கின்றன. அந்த டப்பா இன்னும் பிளாஸ்டிக்காக இருந்தால் சைலன்சர் பற்றி யோசிக்கும் முன் அலுமினியத்துக்கு மாற்றுங்கள். பின் சைலன்சரை மாற்றினால் சத்தத்துக்கும் எடைக்கும் நல்லது, சக்திக்குச் சுமார். நடுவில் இருக்கும் பெரிய கன்வெர்ட்டரை எடுத்துவிட்டு வெறும் குழாய் போடுவதுதான் க்ரீப்பைக் கிளப்பிவிடும் கடைசிச் சொட்டு. அது சட்டப்படியும் தப்பு. நான் செய்து தருவதும் இல்லை. அதற்குப் பதில் 200 செல் உலோகக் கன்வெர்ட்டர் போடலாம். கொஞ்சம்தான் தடுக்கும், ஆனால் அந்தக் கொஞ்சமே பூஸ்ட்டைப் பிடித்து வைக்க உதவும். ரோட்டரி எஞ்சின் சீல்களுக்காக எண்ணெயையும் சேர்த்து எரிப்பதால் எந்தக் கன்வெர்ட்டரும் அதிக வருஷம் வராது, அதையும் கணக்கில் வையுங்கள். உங்கள் வயதுக் காருக்கு நின்ற நிலையில் சத்தத்தின் வரம்பு 90 டெசிபல். எஃப்டி அதைத் தாண்ட அதிகம் மெனக்கெட வேண்டாம். சனிக்கிழமை இரவில் போலீஸ் நிறுத்தி டிஃபெக்ட் நோட்டீஸ் (காரில் உள்ள குறையைச் சரிசெய்யச் சொல்லும் உத்தரவு) ஒட்டினால், அப்புறம் ஒரிஜினல் சைலன்சரைத் தேடி அலைய வேண்டியிருக்கும். எனவே கழற்றும் எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதல் டாலரைக் குழாய்க்குச் செலவு செய்ய மாட்டேன். முதலில் கம்ப்ரெஷன் பார்ப்பேன். சாதாரண மீட்டர் வைத்துப் பார்க்காதீர்கள், ஒவ்வொரு ரோட்டரின் மூன்று முகத்தையும் தனித்தனியாகக் காட்டும் ரோட்டரி மீட்டர் வேண்டும். 250 ஆர்பிஎம்மில் எந்த முகமும் 100 பிஎஸ்ஐக்குக் கீழே இருக்கக் கூடாது, மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். இது தேறவில்லை என்றால் சைலன்சர் பேச்சே வேண்டாம். அடுத்தது இன்டேக் மேனிஃபோல்டுக்குக் கீழே இருக்கும் வேக்குவம் ஹோஸ் கூட்டம். இந்தக் காரைத் தொட்டவர்கள் அதை எலிக்கூடு என்பார்கள், பார்த்தால் நீங்களும் அப்படித்தான் சொல்வீர்கள். ஒரு ஹோஸ் வெடித்தாலே இரண்டாவது டர்போ நேரத்துக்கு வராது. சிலிக்கான் ஹோஸ் மாற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள்: பூஸ்ட்டைக் கட்டுப்படுத்தும் ஹோஸ்களுக்கு உள்ளே மாத்திரைபோல் சின்ன உலோகத் துண்டு இருக்கும், நடுவில் ஊசி ஓட்டையோடு. பழைய ஹோஸோடு அதையும் குப்பையில் போட்டுவிட்டு, 'புது ஹோஸ் போட்டேன், பூஸ்ட் தாறுமாறாகிவிட்டது' என்று வந்தவர்கள் எத்தனையோ பேர்.

அதற்குப் பிறகு நல்ல பூஸ்ட் மீட்டர் ஒன்றும் வைட்பேண்ட் சென்சார் ஒன்றும். காரில் வரும் ஆக்ஸிஜன் சென்சார், காற்றுக்கும் பெட்ரோலுக்கும் உள்ள விகிதம் 14.7-க்கு மேலா கீழா என்று மட்டுமே உருப்படியாகச் சொல்லும். பூஸ்ட்டில் இந்த எஞ்சினுக்கு வேண்டியது 11-ஐ ஒட்டிய விகிதம், அதை வைட்பேண்ட்தான் காட்டும். புது டவுன்பைப் வாங்கும்போதே அதற்கான பொருத்துமிடத்தைப் பற்றவைத்துத் தரச் சொல்லுங்கள், கிடைமட்டத்துக்குச் சற்று மேலே சாய்ந்தபடி. கீழே பார்த்து வைத்தால் குழாயில் வடியும் தண்ணீர் சென்சாரைக் கொன்றுவிடும். அடுத்து, டியூன் செய்யக்கூடிய ஈசியூ. அபெக்ஸியின் பவர் எஃப்சி இந்தக் காருக்கென்றே வந்தது, பழையது சந்தையில் கிடைக்கும். ஹால்டெக் உங்கள் ஊர்க் கம்பெனி, அதைத் தெரிந்த டியூனர்களும் அங்கேயே இருக்கிறார்கள். இரண்டில் எது என்பதைவிட, உங்கள் டியூனர் எதில் தினமும் கை வைக்கிறார் என்று பார்த்து வாங்குங்கள். இதெல்லாம் ஆன பிறகு குழாய், குழாய் மாட்டிய அன்றே டியூனிங். பட்டறையிலிருந்து டைனோவுக்குப் போகும் வழியில் பூஸ்ட் வராமல் ஓட்டுங்கள்.

எல்லாம் செய்த பிறகும் க்ரீப் வந்தால், டர்போவைக் கழற்றி வேஸ்ட்கேட் துவாரத்தைப் பெரிதாக்க வேண்டும். எவ்வளவு பெரிதாக்குவது என்பதில் ஆளுக்கொரு அபிப்பிராயம் இருக்கிறது. அதிகம் அரைத்தால் கதவு சரியாக மூடாமல் கீழே பூஸ்ட் வராது. கதவு உட்காரும் விளிம்பை நான் எப்போதும் கொஞ்சம் தாராளமாகவே விட்டுவைப்பேன். டர்போவை வேறு காரணத்துக்காகக் கழற்றும் சந்தர்ப்பம் வந்தால் அப்போதே இதையும் செய்துவிடுவது புத்திசாலித்தனம், கூலி மிச்சம்.

டவுன்பைப்பைக் கழற்றும் வேலையை நீங்களே செய்வதாக எழுதியிருக்கிறீர்கள். டர்போவோடு அதைப் பிடித்திருக்கும் நட்டுகள் முப்பது வருஷம் நெருப்பில் வெந்தவை. முதல் நாள் இரவே துரு இளக்கும் எண்ணெயை அடித்து ஊற விடுங்கள், காலையில் இன்னொரு முறை. ஸ்பேனரில் ஒரே மூச்சாக இழுக்காமல் கால் சுற்று தளர்த்தி, அரைக்கால் சுற்று இறுக்கி, மறுபடி தளர்த்தி என்று போங்கள். நட்டு கிரீச்சிட்டால் நிறுத்தி எண்ணெய் விட்டு, டீ குடித்துவிட்டு வாருங்கள். ஸ்டட் ஒடிந்தால் டர்போவையே இறக்கி டிரில் போட வேண்டிவரும். மாட்டும்போது புது கேஸ்கெட், புது நட்டு, இழைகளில் காப்பர் கிரீஸ். நூறு கிலோமீட்டர் ஓட்டிய பிறகு, எஞ்சின் நன்றாக ஆறியதும், ஒருமுறை முறுக்கிப் பாருங்கள். எப்படியும் ஒரு நட்டாவது கால் சுற்று கேட்கும்.